முதுகு தாங்கியதை இரும்பு தாங்கட்டும்

திருமங்கலத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகிறது தேசிய நெடுஞ்சாலை 744. சாரல் காலத்தில் குற்றாலத்துக்கும், கார்த்திகை பிறந்ததும் சபரிமலைக்கும் போகிற வேன்களும் பேருந்துகளும் இந்தச் சாலையில் வரிசை கட்டும். ஏதாவதொரு தோப்பில் வண்டியை நிறுத்திச் சமையலுக்கு இறங்குவார்கள். அப்போது ஒருவர் டிக்கிக்குள் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு, கடைசியில் கிடக்கும் தண்ணீர் கேனை எட்டி இழுத்துக்கொண்டிருப்பார்.

அந்தக் கேன் 20 லிட்டர், அதாவது 20 கிலோ. டிக்கியின் வாசலோரம் இருந்தால் ஒரே தூக்கில் இறக்கிவிடலாம். அதுவே உள்ளே ஒரு முழம் தள்ளி இருந்தால், தூக்குவதற்குள் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. எடை கூடவில்லை, கேனும் மாறவில்லை. பிறகு எது கூடியது?

கூடியது தூரம். ஒரு விசை எவ்வளவு பெரியது என்பதோடு, அது எவ்வளவு தள்ளி நின்று செயல்படுகிறது என்பதும் சேர்ந்துதான் அதன் திருப்பும் வலிமையை முடிவு செய்கிறது. பள்ளிப் பாடநூல் இதைத் 'திருப்புத்திறன்' என்கிறது: விசையையும் தூரத்தையும் பெருக்கி வருவது. நம் கீழ்முதுகைத் தாங்கிப் பிடிக்கும் தசை, முதுகெலும்பு மூட்டிலிருந்து ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. கேனோ கையின் முனையில், 50 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. பத்து மடங்கு தூரத்தில் இருக்கும் 20 கிலோவை ஈடுகட்ட, அந்தத் தசை 200 கிலோ அளவுக்கு இழுத்தாக வேண்டும். அந்த இழுப்பு முழுவதும் முதுகெலும்பின் வட்டுகளை நசுக்கும் அழுத்தமாக வந்து சேர்கிறது. குனிந்த உடம்பின் எடை இதற்கு மேல்.

இது காகிதக் கணக்கோடு நின்றுவிடவில்லை. 1960களில் ஸ்வீடன் நாட்டு மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன், உயிருள்ள மனிதர்களின் முதுகுவட்டுக்குள் அழுத்தம் அளக்கும் ஊசியைச் செலுத்திப் பார்த்தார். 1999இல் ஜெர்மனியில் ஹான்ஸ் யோவாகிம் வில்கேயின் குழுவினர், தன்னார்வலர் ஒருவரின் வட்டில் உணரி பொருத்தி அன்றாட அசைவுகளையெல்லாம் அளந்தார்கள். நிமிர்ந்து நிற்கும்போது அழுத்தம் 0.5 மெகாபாஸ்கல். 20 கிலோவை உடம்போடு அணைத்துப் பிடித்தபோது 1.1. அதே 20 கிலோவை முதுகை வளைத்துத் தூக்கியபோது 2.3. நிற்பதைவிட நாலரை மடங்கு!

சுமை தூக்குவதற்கென அமெரிக்கத் தொழில்நலக் கழகம் ஒரு கணக்கு முறை வகுத்திருக்கிறது. எல்லாம் சாதகமாக இருந்தால் ஒருவர் தூக்கத்தக்கது 23 கிலோ. பொருள் உடம்பிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளிப் போனால் இது பாதியாகிவிடுகிறது. டிக்கியின் உள்மூலையில் கிடக்கும் கேன் அந்த வரம்பைத் தாண்டிய சுமை.

எட்டாத ஆழம்

நம் நாட்டில் மோட்டார் வாகனத்தின் அகலம் 2.6 மீட்டர் வரை இருக்கலாம். பெரிய பேருந்தின் தரைக்கடியில் இருக்கும் சரக்கறை, இந்தப் பக்கக் கதவிலிருந்து அந்தப் பக்கக் கதவு வரை நீள்வது. கை எட்டுவது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. முதலில் வைத்தது கடைசியில்தான் கைக்கு வரும்.

தங்கும் அறையும் அடுப்படியும் உள்ள வண்டியில் இது அன்றாடத் தொல்லை. தமிழ்நாட்டில் 'கேரவன்' என்றால் சினிமா நடிகர்களின் ஒப்பனை வண்டிதான் நினைவுக்கு வரும். 2021இல் கேரளம் கேரவன் சுற்றுலாவுக்கெனக் கொள்கை அறிவித்தபின், குடும்பத்தோடு வண்டியிலேயே தங்கிப் பயணம் போகும் ஆசை இங்கும் பரவுகிறது. பேருந்துக்குக் கூடு கட்டும் கரூரும், லாரிக்குக் கூடு கட்டும் நாமக்கல்லும் நம்மிடமே இருக்கின்றன. நடமாடும் மருத்துவ ஊர்தி, கடை கடையாகச் சரக்குப் போடும் லைன் வண்டி, கல்யாணச் சமையல் குழுவின் வேன் என இதே சிக்கலோடு ஓடும் வண்டிகளும் ஏராளம்.

தீர்வு எளிது: நாம் உள்ளே போவதற்குப் பதில் சரக்கை வெளியே வரவைக்க வேண்டும். சரக்கறைக்குள் ஒரு இழுதட்டு. தீயணைப்பு வண்டிகளின் கருவிகள் இப்படிப்பட்ட தட்டுகளில்தான் வெளியே வருகின்றன. எளிய தீர்வுதான். ஆனால் நம் முதுகு தாங்கிக்கொண்டிருந்த திருப்புத்திறன் இதனால் மறைந்துவிடாது. அது இடம் மாறுகிறது, அவ்வளவே. எங்கே போகிறது என்று கடைசிவரை பின்தொடர்ந்து பார்த்துச் செய்த தட்டு நிலைக்கும். பாதி வழியில் விட்டுவிட்டால் தட்டு தொங்கும், சிக்கும், அல்லது ஓடும் வண்டியில் தானாகத் திறந்துகொள்ளும்.

இதைப் புரிந்துகொள்ள விருதுநகர் மாவட்டத்தின் ஆலங்குளம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து மக்களுக்கு ஒரு நல்ல மாதிரி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது: தீப்பெட்டி. 1922இல் கல்கத்தா சென்று தொழில் கற்ற அய்ய நாடாரும் சண்முக நாடாரும் அடுத்த ஆண்டே சிவகாசியில் தொடங்கிய தொழில் அது. ஒரு கூடு, அதற்குள் ஓடும் ஒரு தட்டு. இழுதட்டின் இயற்பியல் முழுவதும் அந்தச் சின்னப் பெட்டிக்குள் இருக்கிறது.

வெளியே வந்த சுமை

தீப்பெட்டியின் தட்டில் நாலைந்து நாணயங்களைப் போட்டு, கூட்டை மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தட்டை மெல்ல வெளியே தள்ளுங்கள். பாதி தாண்டியதும் முன்முனை கவிழத் தொடங்கும். அதே நேரம் தட்டின் பின்முனை மேலெழுந்து கூட்டின் கூரையை முட்டும். கவனிக்க வேண்டியது இந்த முட்டலைத்தான். தட்டின் முன்பகுதியில் சுமை கீழ்நோக்கி அழுத்துகிறது. பின்பகுதியிலோ விசை மேல்நோக்கிப் போகிறது.

வண்டிக்கு இதைக் கணக்கிடலாம். 90 சென்டிமீட்டர் நீளமுள்ள தட்டில் 20 கிலோ தண்ணீர் கேன், 25 கிலோ அரிசிச் சிப்பம், 15 கிலோவுக்கு அடுப்பும் பாத்திரமும் பரவலாக இருக்கின்றன. மொத்தம் 60 கிலோ. கடைகளில் கிடைக்கும் டெலஸ்கோபிக் சேனல் மூன்று உறுப்புகளால் ஆனது. வெளிச்சட்டம் வண்டியோடு நிற்கும், நடுச்சட்டம் பாதி தூரம் வரும், உட்சட்டம் தட்டோடு மீதித் தூரம் வரும். தட்டு முழுவதும் வெளியே வந்தபின் நடுச்சட்டத்தின் 45 சென்டிமீட்டர் மட்டுமே உள்ளே பிடிப்பில் இருக்கும். சுமையின் மையமும் வாசலிலிருந்து 45 சென்டிமீட்டர் வெளியே நிற்கிறது. இரு தூரமும் சமம் என்பதால், பின்முனையை 60 கிலோ விசையோடு கீழே பிடித்து வைக்க வேண்டியிருக்கிறது. வாசலோரத் தாங்கலோ 60 கிலோ சுமையையும் இந்த 60 கிலோ பிடியையும் சேர்த்து 120 கிலோ தாங்குகிறது. நாம் வைத்தது 60 கிலோ, இரும்பு உணர்வது இரு மடங்கு.

அதே தட்டை 60 சென்டிமீட்டர் மட்டும் வெளியே வரும்படி, மூன்றில் ஒரு பங்கை உள்ளேயே வைத்துச் சாதாரண இரட்டைச் சட்டத்தில் செய்தால், பின்முனைப் பிடி 30 கிலோவாகவும் வாசல் தாங்கல் 90 கிலோவாகவும் குறைந்துவிடும். கடைசி ஒரு அடிக்கு நாம் கொடுக்கும் விலை அவ்வளவு. அந்த ஒரு அடி உண்மையிலேயே வேண்டுமா என்று முதலில் யோசிக்க வேண்டும். முழுதாக வெளியே வந்த தட்டின் முனையில் 30 கிலோ எடையுள்ள குழந்தை ஏறி உட்கார்ந்தால், அது மொத்தச் சரக்குக்கும் சமமான திருப்புத்திறனைக் கூடுதலாகக் கொண்டுவரும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் பிடிப்புள்ள உத்திரம் எப்படி முறிகிறது என்ற கேள்வியை முதலில் கணக்காக மாற்றியவர் கலிலியோ. 1638இல் வெளியான அவருடைய நூலில், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மர உத்திரமும் அதன் முனையில் தொங்கும் எடையும் படமாகவே இருக்கின்றன. அவர் கணக்கில் இருந்த ஒரு பிழையை அடுத்த நூற்றாண்டினர் திருத்தினார்கள். உத்திரத்தின் அகலத்தைவிட உயரமே அதற்கு உறுதி தருகிறது என்று அவர் கண்டது நிலைத்தது. பின்னால் வந்த கணக்கு இன்னும் தெளிவு. வெளியே நீட்டும் நீளம் இரட்டித்தால், முனையில் வைத்த அதே எடை எட்டு மடங்கு தொய்வைத் தரும். சட்டத்தின் உயரம் இரட்டித்தால் தொய்வு எட்டில் ஒன்றாகும். அதனால் தட்டின் பக்கச் சட்டத்துக்குப் பட்டையைப் படுக்கவைத்து வெல்டிங் செய்வதும், அதே பட்டையை நிமிர்த்தி வைத்துச் செய்வதும் ஒன்றாகாது. இரும்பின் செலவு ஒன்றே, பலனில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு.

இழுக்க இழுக்கச் சிக்குவது ஏன்?

பழைய மேசையின் இழுப்பறையை ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் சிக்கிக்கொள்ளும். பலமாக இழுத்தாலும் வராது. மறுபக்கத்தை லேசாகத் தட்டினால் வந்துவிடும். பலத்துக்கு மசியாதது ஒரு தட்டுக்கு எப்படி மசிகிறது?

தீப்பெட்டிக் கூட்டை ஒரு விரற்கிடை நீளத்துக்கு வெட்டிவிட்டு, தட்டின் ஒரு மூலையை மட்டும் தள்ளிப் பாருங்கள். தட்டு கோணிக்கொண்டு பெரும்பாலும் நின்றுவிடும். மூலையில் கொடுத்த விசை தட்டைத் திருப்புகிறது. திரும்பிய தட்டின் ஒரு முன்மூலையும் எதிர்ப்பக்கப் பின்மூலையும் கூட்டின் சுவரை அழுத்துகின்றன. அழுத்தம் இருந்தால் உராய்வும் இருக்கும்.

உராய்வு எவ்வளவு என்பதை லியோனார்டோ டாவின்சி கட்டைகளை இழுத்துச் சோதித்துத் தன் குறிப்பேடுகளில் எழுதி வைத்தார். அவை வெளியுலகுக்குத் தெரியாமலே கிடந்தன. 1699இல் பிரான்ஸின் கியோம் அமோந்தான் அதே விதிகளைத் தானாகக் கண்டு அறிவித்தார்: உராய்வு, அழுத்தத்தின் ஒரு குறிப்பிட்ட பங்கு. தொடும் பரப்பு பெரிதா சிறிதா என்பதைப் பொறுத்து அது மாறுவதில்லை. இந்தப் பங்கைத்தான் உராய்வுக் குணகம் என்கிறோம்.

புதிரின் விடை இதில் இருக்கிறது. நீங்கள் இரு மடங்கு பலமாக இழுத்தால், மூலைகள் சுவரை இரு மடங்கு அழுத்தும். உராய்வும் இரு மடங்காகும். இழுப்பும் தடையும் சேர்ந்தே வளர்வதால் பலம் பயன்படாமல் போகிறது. சிக்குமா சிக்காதா என்பதை முடிவு செய்வது வடிவம்தான். உராய்வுக் குணகம் மூன்றில் ஒன்று என்று வைத்துக்கொண்டால், நடுவிலிருந்து நாம் பிடித்து இழுக்கும் இடத்தின் தூரம், கூட்டுக்குள் இன்னும் மிஞ்சியிருக்கும் தட்டின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டினால் சிக்கும். தட்டு வெளியே வரவர உள்ளே மிஞ்சும் நீளம் குறைகிறது. ஆகையால்தான் பாதிவரை ஒழுங்காக வந்த இழுப்பறை கடைசியில் மக்கர் செய்கிறது. மறுபக்கத்தைத் தட்டும்போது கோணல் நிமிர்ந்து அழுத்தம் விலகுகிறது, தட்டும் வந்துவிடுகிறது.

பட்டறைக்குப் போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டிய மூன்று பாடங்கள் இதில் உண்டு. தட்டு, அகலத்தைவிட ஆழம் மிகுந்ததாக இருக்க வேண்டும். அகலமான சரக்கறை என்றால் ஒரே பெரிய தட்டுக்குப் பதில் இரண்டு குறுகிய தட்டுகள் நல்லது. கைப்பிடி நடுவில் ஒன்றே போதும், இரண்டு ஓரத்திலும் வைத்தால் எவரும் ஒன்றைத்தான் பிடித்து இழுப்பார்கள். மூன்றாவது, உராய்வுக் குணகத்தையே குறைப்பது. அதற்குத்தான் பேரிங்.

உருளும் குண்டுகள்

தேய்த்துக்கொண்டு போவதைவிட உருண்டு போவது எளிது. குண்டு பேரிங்குக்கு 1794இல் வேல்ஸ் நாட்டின் ஃபிலிப் வான் காப்புரிமை பெற்றார். நல்ல சேனலில் உராய்வுக் குணகம் நூற்றில் ஓரிரு பங்குதான். 60 கிலோ ஏற்றிய தட்டை நகர்த்த ஓரிரு கிலோ விசை போதும். சிக்குவதற்கான எல்லையும் ஒன்றரை மடங்கிலிருந்து ஏறத்தாழ 25 மடங்குக்குப் போய்விடும். அதாவது சிக்கவே சிக்காது.

மரவேலைக்கென விற்கும் 45 மில்லிமீட்டர் சேனல் வீட்டு அலமாரிக்கு ஏற்றது, வண்டியின் குலுக்கலுக்கு அது மெலிது. ராஜபாளையம் போன்ற ஊர்களில் நூற்பாலைகளை நம்பி வளர்ந்த லேத் பட்டறைகளுக்கு இன்னொரு வழி எளிது: எல் ஆங்கிளும் பேரிங்கும். 6201 என்ற எண்ணுள்ள பேரிங்கின் உள்விட்டம் 12 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 32. அசையாத நிலையில் ஒன்றே சுமார் 300 கிலோ தாங்கும். நம் தட்டின் 120 கிலோ இரு பக்கமும் பிரிந்தால் பக்கத்துக்கு 60. பேரிங் முறியாது. அதைப் பிடித்திருக்கும் போல்ட்டும், போல்ட் ஏறிய தகடும்தான் முதலில் வளையும். வாசலோரப் பேரிங்குகள் தட்டுக்குக் கீழே இருந்து தாங்க வேண்டும். பின்முனைப் பேரிங்குகளுக்குத் தலைக்கு மேலே ஓர் ஆங்கிள் வேண்டும், ஏனென்றால் அங்கே விசை மேல்நோக்கிப் போகிறது. இந்த ஒன்றை மறந்து, கீழே மட்டும் சக்கரம் வைத்த தட்டுகள்தான் தலைகுப்புறக் கவிழ்கின்றன.

அந்த ஆங்கிள்களையும் உள்பலகையிலோ மெல்லிய தகட்டிலோ திருகிவிட்டால் போதாது. அவை வண்டியின் குறுக்குச் சட்டத்தோடு இணைய வேண்டும். விசை சட்டம்வரை போய்ச் சேர்ந்தால்தான் டயர் வழியாகத் தரைக்கு இறங்கும்.

தூசு இன்னொரு பகை. அரசு சிமெண்ட் ஆலை இருக்கும் விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் நிலமும் கரிசல் மண்ணும் கலந்து கிடக்கின்றன. அந்த நுண்தூசு திறந்த சேனலின் கிரீஸில் ஒட்டினால் அரைக்கும் பசையாகிவிடும். இருபுறமும் ரப்பர் மூடி போட்ட பேரிங்குக்குக் கூடுதலாகக் கொடுக்கும் சில ரூபாய் வீண்போகாது.

ஓடும் வண்டியில்

இதுவரை வண்டி நின்றது. இனி ஓடட்டும். தீப்பெட்டியைக் கையில் வைத்து வேகமாக வீசி, சட்டென்று நிறுத்துங்கள். கூடு நின்றுவிடும், தட்டு வெளியே பாயும். தன் வேகத்தை விடாமல் தொடர விரும்பும் இந்தப் பண்பின் பெயர் நிலைமம்.

செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலைச்சாலையில் 15 மீட்டர் ஆரமுள்ள வலதுபக்க வளைவில் வண்டி மணிக்கு 20 கிலோமீட்டரில் திரும்புகிறது. அந்த மெதுவான வேகத்திலும் சரக்கை இடதுபக்கம் ஒதுக்கும் விளைவு, எடையில் ஐந்தில் ஒரு பங்கு. 60 கிலோ தட்டுக்கு 12 கிலோ. அதை நகர்த்த ஓரிரு கிலோவே போதும் என்று நாம்தான் பேரிங் போட்டோம். பூட்டு இல்லாவிட்டால் இடப்பக்கத் தட்டு கதவை மோதித் திறந்து சாலையில் நடப்பவர்மேல் பாயும். பின்பக்கம் திறக்கும் தட்டுக்கு ஏற்றமே போதும். பத்துக்கு ஒன்று என்ற சரிவில் 6 கிலோ விசை அதை வெளியே தள்ளும். திடீர் பிரேக்கில் சரக்கின் எடையில் முக்கால் பங்கு அளவு விசை முன்னோக்கி வரும். அப்போது தட்டின் பின்தடுப்பும் சரக்கைக் கட்டிய பட்டையும்தான் காப்பு.

ஆகவே தட்டுக்கென்று தனித் தாழ்ப்பாள் வேண்டும். கதவின் பூட்டை அதற்கு நம்பக்கூடாது. அந்தத் தாழ்ப்பாள் மூடிய நிலையிலும், முழுதாகத் திறந்த நிலையிலும் தானாக விழ வேண்டும். சரிவில் நிறுத்திய வண்டியில் திறந்த தட்டு தானாக மூடினால் விரல் நசுங்கும்.

குலுக்கல் செய்யும் இன்னொரு கேடு கண்ணுக்குத் தெரியாதது. 1930களில் டெட்ராய்ட்டிலிருந்து ரயிலில் ஏற்றி அனுப்பிய புதுக் கார்களின் சக்கரப் பேரிங்குகள், ஒரு மைல்கூட ஓடாமலே பழுதாகியிருந்தன. குண்டுகள் நின்ற இடங்களிலெல்லாம் பாதையில் சிறு பள்ளங்கள். ஜே. ஓ. ஆல்மென் என்ற பொறியாளர் 1937இல் அதற்கு விளக்கம் தந்தார். உருளாமல் ஒரே இடத்தில் நின்று அதிரும் குண்டு, தனக்கும் பாதைக்கும் இடையிலிருந்த எண்ணெயை விலக்கிவிட்டு உலோகத்தை நுணுக்கமாகத் தேய்த்துவிடுகிறது. மூடிய இழுதட்டின் நிலையும் இதுவே: நாளெல்லாம் சுமையோடு ஒரே இடத்தில் நின்று அதிர்கிறது. சில மாதத்தில் தட்டு கடகடவென்று பல்லில் ஏறி இறங்குவதுபோல நகரும். மருந்து மலிவானது. தட்டு மூடும் கடைசி இரண்டு விரற்கிடையில் சாய்வான ரப்பர் கட்டைகள்மேல் ஏறி உட்காரட்டும். ஓடும்போது சுமையைக் கட்டை தாங்கும், பேரிங்குக்கு ஓய்வு. வண்டி நின்றபின் இழுத்தால் தட்டு கட்டையிலிருந்து இறங்கிப் பேரிங்குக்கு வரும்.

சமையல் எரிவாயு சிலிண்டரை மட்டும் இந்த அறையில் வைக்கவே கூடாது. எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தாழ்வான மூடிய அறையில்தான் குளம்போலத் தேங்கும். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை ரயில் நிலையம் அருகே நின்ற சுற்றுலாப் பெட்டியில், விதியை மீறிக் கொண்டுவந்த சிலிண்டரால் பற்றிய தீயில் 9 பேர் உயிரிழந்தார்கள். வண்டியில் சிலிண்டருக்கென்று, அடியில் காற்றுப்போக்கு உள்ள, உட்புறத்தோடு தொடர்பில்லாத தனி அறை வேண்டும்.

இவ்வளவுக்கும் அரிய பொருளோ இறக்குமதிக் கருவியோ தேவையில்லை. ஆங்கிள், பேரிங், போல்ட், தாழ்ப்பாள், ரப்பர் கட்டை: எல்லாம் நம் ஊர்ச் சந்தையில் கிடைப்பவை. வெல்டிங் பற்றவைக்குமுன் ஒரு தாளில் தட்டை வரைந்து, சுமை எங்கே, பிடிப்பு எங்கே, விசை எந்தப் பக்கம் போகிறது என்று அம்புக்குறி போட்டுப் பார்க்கும் கால்மணி நேரம்தான் கூடுதலாகத் தேவை. சமையல் வேனில் அண்டா தூக்குகிறவரும், லைன் வண்டியில் மூட்டை இறக்குகிறவரும், மருத்துவ ஊர்தியில் பெட்டி சுமக்கும் செவிலியரும் இன்று தங்கள் முதுகால் அந்தத் திருப்புத்திறனைத் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள். இரும்புக்குத் தேய்மானம் வந்தால் புது பேரிங் மாட்டலாம். முதுகுவட்டுக்கு அப்படி ஒரு கடை இல்லை. கூடு கட்டும் பட்டறைகளில் வண்டி கொடுப்பவர்கள், இருக்கைக்கும் வண்ணத்துக்கும் கேட்கிற அக்கறையோடு இழுதட்டையும் கேட்டு வாங்க வேண்டும்.